ஆற்று மீனுக்குள் போன பாதரசம்

பாதரச விஷம் என்றாலே ஜப்பானின் மினமாட்டாதான் நினைவுக்கு வரும். அது கடல் மீன். கனடாவில் ஓர் ஆற்று மீன் கதை உண்டு. நம் பக்கம் அதிகம் பேசப்படாத கதை.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கே டிரைடன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு காகித ஆலை. காகிதத்தை வெளுக்கக் குளோரின் வேண்டும். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கும் அந்தக் கால முறைக்குப் பாதரசம் தேவைப்பட்டது. 1962 முதல் 1970 வரை டிரைடன் கெமிக்கல்ஸ் தொழிற்கூடத்திலிருந்து சுமார் 9 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது. ஆறு போகும் வழியில் கிராஸி நாரோஸ், வைட்டாக் என்று ஓஜிப்வே பழங்குடிகளின் இரண்டு ஊர்கள். அவர்களுக்குச் சாப்பாடும் மீன், சம்பாத்தியமும் மீன்.

பாதரசம் கனமானது, அடியில் படிந்துவிடும், அப்புறம் என்ன என்பதுதான் அன்றைய நம்பிக்கை. 1969இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வேறு மாதிரி சொன்னார்கள். சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது புழு பூச்சிக்குள் போய், அதைத் தின்னும் சிறு மீனுக்குள் போய், அதைத் தின்னும் பெரிய மீனுக்குள் போய்... ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கொண்டே போகும். கடைசியில் தங்குவது மீனின் சதையில், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு. டிடிடி போன்றவை கொழுப்பில் சேர்பவை. தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டால் ஓரளவாவது குறையும். இதற்கு அந்த வழியும் இல்லை. குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் போகாது.

கனடிய மீன்களில் இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு மாணவர்! நார்வேயிலிருந்து ஒன்டாரியோவுக்கு ஆராய்ச்சி செய்ய வந்த நார்வால்ட் ஃபிம்ரைட். 1970இல் அரசு அந்த ஆற்றில் வணிக மீன்பிடிப்பைத் தடை செய்தது. சரியான முடிவுதான். ஆனால் மீனவர்களுக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர்களுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. சில விடுதிகள் மட்டும் தொடர்ந்து நடந்தன; 'பொழுதுபோக்குக்கு மட்டும் மீன் பிடியுங்கள்' என்று அரசே பலகை வைத்தது. பசித்தவனுக்கு அந்தப் பலகையால் என்ன பயன்?

1975இல் மினமாட்டா நோயாளிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் மசசுமி ஹரடா ஜப்பானிலிருந்து வந்தார். மரத்துப்போன கை கால், குறுகிய பார்வை, தடுமாறும் நடை. அவருக்குத் தெரிந்த அடையாளங்கள்தான். ஆனால் இழப்பீட்டு ஒப்பந்தம் வர 1985 ஆயிற்று. இரண்டு அரசுகளும் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து கொடுத்தது சுமார் 1 கோடியே 67 லட்சம் கனடிய டாலர். குளோரின் தயாரித்த காலத்து லாப நட்டக் கணக்கில் இந்தச் செலவு ஒரு வரியாகக்கூட இருந்திருக்காது.

ஆற்றைச் சுத்தம் செய்ய ஒன்டாரியோ அரசு 8 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது 2017இல். மீன்பிடிக்கத் தடை போட்டு அப்போது 47 வருடம் ஆகியிருந்தது.