கொடும்பாளூர்க் கல்லும் இணைய வலையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூருக்குப் பிரியும் வழி வருகிறது. இன்று அது ஒரு சிற்றூர். ஆனால், பழங்காலத்தில் வழிநடைப் பயணிகள் யாவரும் அறிந்த ஊராக அது விளங்கிற்று. மதுரை நோக்கி நடந்த கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் உண்டு. கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்ததும் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். ஒவ்வொரு பாதையிலும் காணக் கிடைப்பது யாது, எதிர்ப்படக்கூடிய இடர் யாது என்பதையும் எடுத்துரைக்கிறான். வழி கேட்பவனுக்கு விடையளிக்கும் கலையில் அந்த மறையவன் கைதேர்ந்தவன் என்றே நான் எண்ணுவதுண்டு.

சங்கம் மருவிய காலத்துக்குப் பின்னும் கொடும்பாளூர் மங்கிவிடவில்லை. இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான இடங்கழி நாயனார் இம்மரபினர். சோழருக்குப் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும், அவர்களுடைய போர்களில் தோள் கொடுத்தும் வாழ்ந்த குடி இது. கல்கி 1950-இல் எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தைப் படித்த மாணவர்கள், வானதியை மறந்திருக்கமாட்டார்கள். அவள் பிறந்த ஊர் கொடும்பாளூர். அவளை வளர்த்த பெரிய வேளார், பூதி விக்கிரமகேசரி.

கதையில் வரும் அந்தப் பெரிய வேளாருக்குக் கல்லிலும் ஒரு சான்று இருக்கிறது. கொடும்பாளூரில் மூவர்கோயில் என்று வழங்கும் கற்றளிகளை எடுப்பித்தவன் பூதி விக்கிரமகேசரியே. மேற்கு நோக்கிய மூன்று விமானங்கள் ஒரே வரிசையில் நின்றன. இன்று நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் எஞ்சியிருக்கின்றன. வடக்கிலிருந்ததன் அடித்தளம் மட்டுமே காணப்படுகிறது. நடுவிமானத்தின் சுவரில் கிரந்த எழுத்தில், வடமொழியில், ஒரு நீண்ட கல்வெட்டு உள்ளது. இருக்குவேளிரின் வழிமுறையைத் தலைமுறை தலைமுறையாக அது அடுக்கிச் சொல்லுகிறது. பூதி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று கோயில்களை அமைத்ததைக் கூறுகிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தை வழங்கி, ஐம்பது துறவியர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததையும் தெரிவிக்கிறது. ஆனால் கல்வெட்டின் தொடக்கம் அழிந்துபோயிற்று. ஆகவே வழிவரிசையில் முதலில் நின்றவனுடைய பெயர் நமக்குக் கிட்டவில்லை. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

இணையத்தைப் பற்றிப் பேச வந்தவன் இடிந்த கோயிலைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் எண்ணக்கூடும். புதிய கருவி ஒன்று கைக்கு வந்ததும் தமிழர் அதில் எதை ஏற்றிப் பார்த்தனர் என்பதே என் பொருள். பெரும்பாலும் அவர்கள் ஏற்றிப் பார்த்தது பழைய செல்வத்தைத்தான். கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்கி, மை ஒற்றிப் படியெடுக்கும் முறையும் ஒரு காலத்தில் புதிய கருவியே. அவ்வாறு திரட்டிய கல்வெட்டுகளின் வாசகங்களைப் புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் அச்சிட்டு வெளியிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1939 மே மாதத்தில், திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நான் இப்பொழுது பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கருவியையும் அன்று ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள்!

கணிப்பொறிக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை, பெரும்பகுதி, தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழர்களால் தொடங்கப்பெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை அமைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்று திறந்து வைக்கப்பட்டபொழுது, அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே திரையில் தோன்றின. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்ட’த்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்த அன்பர்கள் ஊதியம் எதுவுமின்றிப் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி அனைவர்க்கும் பொதுவில் வைத்தனர்.

ஆயினும் அந்நாளில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்தது. ஒருவர் எழுதிய மடல் இன்னொருவர் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய மாநாடுகள் இச்சிக்கலையே முதன்மையாக ஆராய்ந்தன. சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகை பிறந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை தரும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் அது பொதுமக்கள் கணிப்பொறியில் வேலை செய்யத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டையொட்டித்தான். தமிழக அரசு அதனை 2010-இல் ஏற்றுக்கொண்டது.

எழுத்துச் சிக்கல் சற்றுத் தளர்ந்ததும் வரலாற்று ஆர்வலர்கள் இணையத்துக்குள் புகுந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் யாகூ நிறுவனத்தின் குழு வசதியில் ‘பொன்னியின் செல்வன்’ பெயரிலேயே ஒரு குழு அமைந்தது. கதையைப் பேசத் தொடங்கியவர்கள் கதைக்குப் பின்னாலுள்ள கல்வெட்டுகளைத் தேடலாயினர். மடல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேருந்தேறிக் கோயில்களுக்குப் போயினர். அவர்களுள் சிலர், திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவராகவும் வரலாற்றறிஞராகவும் விளங்கும் டாக்டர் இரா. கலைக்கோவன் வழிகாட்ட, 2004 ஆகஸ்டில் ‘வரலாறு.காம்’ என்னும் மாத மின்னிதழைத் தொடங்கினர். முந்திய ஆண்டு, 2003-இல், தமிழ் விக்கிப்பீடியா தோன்றியிருந்தது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்றோர் முன்னின்று வளர்த்த அக்கலைக்களஞ்சியம் 2017-இல் ஓரிலட்சம் கட்டுரைகளை எட்டியது. கோயிலைப் பார்த்தவன் வீட்டுக்குத் திரும்பி, தான் கண்டதை உலகுக்குச் சொல்லலாம், பிறர் அதைத் திருத்தலாம் என்பது அறிவு வரலாற்றில் சிறிய மாற்றமன்று.

ஆனால் இக்கருவிகளுக்கு ஆயுள் குறைவு. பலர் தம் முதல் தமிழ்ப் பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீசு 2009-இல் மூடப்பட்டது. ஆர்க்குட் 2014-இல் மறைந்தது. கூகுள் பிளசு 2019-இல் போயிற்று. யாகூ குழுக்களின் பழைய மடல்களை அழிக்கப்போவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர், எத்தனை நள்ளிரவுகள் எழுதிய மடல்கள்! முன்யோசனையுடன் படியெடுத்து வைத்தவர்களிடம் உள்ளவை தவிர ஏனையவை போய்விட்டன. மூவர்கோயில் கல்வெட்டு ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்று, தொடக்கத்தை மட்டும் இழந்தது. கல்லோடு மின்னணுவை ஒப்பிடுவது நேர்மையாகாது என்பதை நான் அறிவேன். கல்வெட்டைத் தேடிக் காண அந்த மடல்கள்தாம் பலரைக் கொடும்பாளூருக்கு அனுப்பின.

இனி, கிரந்த எழுத்தைப் பற்றி ஒரு சொல். மூவர்கோயில் கல்வெட்டின் வாசகத்தை அதே எழுத்தில் இணையத்தில் ஏற்றவேண்டுமானால், கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் வேண்டும். அதற்கான முன்மொழிவுகள் 2010-இல் பெரும் விவாதத்தை எழுப்பின. எகர ஒகரங்களையும், ழகர, றகர, னகரங்களையும் கிரந்த வரிசைக்குள் சேர்க்கவேண்டும் என்று சிலர் கேட்டனர். அவை தமிழுக்கே உரிய எழுத்துகள். அவற்றை அங்கே சேர்த்தால் தமிழ் எழுத்தின் தனித்தன்மைக்கு ஊறு நேரும் என்று தமிழறிஞர் பலர் எதிர்த்தனர். தமிழக அரசும் தன் மறுப்பை நடுவணரசுக்குத் தெரிவித்தது. முடிவில் 2014-இல் அந்தத் தமிழ் எழுத்துகள் இன்றியே கிரந்தம் ஒருங்குறியில் இடம் பெற்றது. எதிர்த்தவர்களின் அச்சம் முழுவதும் சரி என்று நான் கருதவில்லை. எனினும், எழுத்தின் எண் வரிசை போன்ற வறண்ட தொழில்நுட்பச் செய்தியில்கூட மொழி வரலாறு அறிந்தவர்கள் விழிப்போடு இருக்கவேண்டும் என்பதை அவ்விவாதம் காட்டிற்று. 2019-இல் மாகாணி, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் ஒருங்குறியில் சேர்ந்தன. நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் பதிப்பிப்போர்க்கு அது பேருதவி.

நானும் அண்மையில் இக்கருவிகளைக் கொடும்பாளூரை வைத்தே சோதித்துப் பார்த்தேன். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதித் தேடியபொழுது கிடைத்தவை ஒருவகை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடியபொழுது கிடைத்தவை வேறுவகை. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரு பாகங்கள் 2022-லும் 2023-லும் வெளிவந்தபின், வானதியின் ஊர் என்று அறிமுகம் செய்யும் காணொளிகளும் கண்ணில் பட்டன. ஒன்றில் மூவர்கோயில் ஒன்பதாம் நூற்றாண்டின் பணி என்று உறுதியாகச் சொன்னார்கள். மற்றொன்றில் பத்தாம் நூற்றாண்டு என்று அதே உறுதியோடு சொன்னார்கள். இரண்டுக்கும் அறிஞர்களிடையே ஆதரவு உண்டு. பூதி பல்லவர் படையை வென்றான் என்று கல்வெட்டு கூறுவதைப் பற்றிக்கொண்டு காலத்தை முன்னே தள்ளுவோர் ஒரு சாரார். வீரபாண்டியனை வென்றான் என்பதைப் பற்றிக்கொண்டு சுந்தர சோழன் காலத்துக்குக் கொண்டுவருவோர் மற்றொரு சாரார். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் இப்படியொரு வழக்கு இருக்கிறது என்பதையே அந்தக் காணொளிகள் இரண்டும் சொல்லவில்லை. மாங்காட்டு மறையவன் கோவலனிடம் ஒரு பாதையை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் எப்படியிருக்கும்?

அடுத்து, பழைய அச்சுப் பக்கம் ஒன்றை ஒளிப்படமெடுத்து, எழுத்தைத் தானே படித்துத் தரும் கருவியிடம் கொடுத்தேன். வியப்பான வேகம்! ஒரு மணி நேர வேலை சில நொடிகளில் முடிந்தது. ஆனால் ரகரம் வந்த இடத்தில் காலும், கால் வந்த இடத்தில் ரகரமும் புகுந்திருந்தன. பழைய கல்வெட்டுகளிலும் இவ்விரண்டும் ஒரே வடிவில் வரும். புள்ளியும் பெரும்பாலும் இராது. பொருள் அறிந்து படிக்கும் கல்வெட்டறிஞர்க்கு அது தடையன்று. பொறி வடிவத்தை மட்டும் பார்த்தது. நான் அமர்ந்து வரிவரியாகத் திருத்தினேன். மதுரைத் திட்டத்து அன்பர்கள் மெய்ப்புப் பார்த்த பொறுமை என்னவென்று அன்று விளங்கிற்று.

கடைசியாக, வினாவுக்கு விடை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவி ஒன்றிடம், மூவர்கோயில் கல்வெட்டு கூறும் வழிவரிசையில் முதல் மன்னன் பெயர் யாது என்று கேட்டேன். மாணவர்களுக்கு விடை தெரியும்: தொடக்கம் சிதைந்திருக்கிறது; பெயர் இல்லை. கருவியோ சற்றும் தயங்காமல் அழகான வடமொழிப் பெயர் ஒன்றைத் தந்தது. அவன் வென்ற போர்களையும் இரண்டு வரியில் எழுதிற்று. நடையில் குறை சொல்ல இடமில்லை. எந்த வரியில் அப்பெயர் உள்ளது என்று வினவினேன். மன்னிப்புக் கோரி வேறொரு பெயரைத் தந்தது! சுவரில் எழுத்தற்றுப்போன இடத்தை இது தன் சொற்களால் பூசி நிரப்பிவிடும். அந்தப் பெயரை ஒரு மாணவர் தம் கட்டுரையில் எழுத, அதை மற்றொருவர் நண்பர்களுக்கு அனுப்ப, ஒரே வாரத்தில் இருக்குவேளிர் மரபில் பிறவாத ஒரு மன்னன் பிறந்துவிடுவான். கோயிலில் இருந்த உண்மையான முதல்வனுக்கு அப்புறம் அங்கே இடமே இராது.

அதன் பின்னரே கொடும்பாளூருக்குச் சென்றேன். பகல் வெயிலில் எழுத்து தெளியாது. மாலைச் சாய்வெயிலில் நிழல் விழுந்து பள்ளங்கள் துலங்கும். அந்நேரம் வரை காத்திருந்து, கல்வெட்டையும் அதன் சிதைந்த மேற்பகுதியையும் கைப்பேசியால் படம் பிடித்தேன். யாவரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையோடு விக்கிமீடியா பொதுவகத்தில் அவற்றை ஏற்றினேன். அங்கே விவரம் எழுதக் கட்டங்கள் உண்டு. இடம்: மூவர்கோயில், நடுவிமானம். எழுத்து: கிரந்தம். மொழி: வடமொழி. காலம் என்ற கட்டத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி என்பார் கருத்தையும், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பார் கருத்தையும் அடுத்தடுத்து எழுதினேன். முதல் மன்னன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், எழுத்து அழிந்துள்ளது என்று குறித்தேன்.