பழைய நாணயத்தை போட்டோ எடுத்தா வெறும் வெள்ளை வட்டமா தெரியுதா? டிஜிட்டல் கேமராவில் இப்படி எடுத்துப் பாருங்க!

பீரோவை ஒதுக்கும்போது தாத்தா காலத்து வெள்ளி ஒரு ரூபாய் கையில் கிடைக்கிறது. உடனே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து, தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ‘ஒண்ணுமே தெரியலையே, வேற போட்டோ இருக்கா?’ என்று பதில் வருகிறது.

நாணயத்தின் ஆண்டு, அது அச்சான இடத்தைக் காட்டும் குறி, தேய்மானம் ஆகிய மூன்றும்தான் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பவை. இவை படத்தில் தெரியாவிட்டால் நல்ல நாணயமும் செல்லாக்காசாகத்தான் தெரியும். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவே போதும்.

முதலில் செய்யக் கூடாதது என்ன?

படம் பளிச்சுனு வரணும்னு நாணயத்தைப் புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்க்காதீங்க. தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும். பல ஆண்டுகளாகப் படிந்த இயற்கையான நிறமும் போய்விடும். சேகரிப்பாளர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், மதிப்பும் குறையும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கீழே மெத்தென்று ஒரு துணி விரித்துக்கொள்வது நல்லது.

கேமராவை எப்படி வைப்பது?

கையில் பிடித்து எடுத்தால் ஆடத்தான் செய்யும். டிரைபாட் இல்லையென்றால் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்கும்படி கேமராவை வையுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் அசைவைத் தவிர்க்க 2 விநாடி டைமர் போடுங்கள்.

கேமரா நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. நாணயம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். கேமரா திரையில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வட்டமான நாணயம் முட்டை வடிவில் வரும்.

எந்த செட்டிங்?

* பூ படம் போட்ட மேக்ரோ மோடைத் தேர்ந்தெடுங்கள். கிட்டத்தில் இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்ய இதுதான் உதவும்.
* ஐஎஸ்ஓ அளவை 100 அல்லது கேமராவில் உள்ள மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். புள்ளி புள்ளியாக வராது.
* லென்ஸ் துளையை மாற்றும் வசதி இருந்தால் எஃப் 8 அருகே வைத்து ஆரம்பியுங்கள்.
* வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் அமையுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளியும் பித்தளை மாதிரி தெரியும்.
* கறுப்புத் துணி மேல் வைத்தால் நாணயம் வெளுத்துப் போகலாம். அப்போது எக்ஸ்போஷரை மைனஸ் பக்கம் குறையுங்கள். வெள்ளைத் தாள் மேல் வைத்து நாணயம் இருட்டாக வந்தால் பிளஸ் பக்கம் கூட்டுங்கள்.

வெளிச்சம்தான் எல்லாமே!

ஃபிளாஷ் ஒளி நேராகப் போய் நாணயத்தில் பட்டு நேராகத் திரும்புவதால்தான் வெள்ளை வட்டமாகத் தெரிகிறது. நாணயத்தின் எழுத்தும் உருவமும் ஒரு மில்லிமீட்டர் கூட எழும்பி நிற்பதில்லை. பக்கவாட்டில் விழும் ஒளி உண்டாக்கும் சின்ன நிழல்தான் அவற்றைக் காட்டும்.

எனவே ஃபிளாஷை அணைத்துவிட்டு இரண்டு டேபிள் லேம்ப் வையுங்கள். நாணயத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் ஒன்று 10 மணி திசையிலும் மற்றொன்று 2 மணி திசையிலும் இருக்கட்டும். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள், எழுத்து தெளிவாகும் இடம் பிடிபடும். ரொம்ப பளபளத்தால் விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பரை சற்றுத் தள்ளிப் பிடிக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பு வெளிச்சத்தையும் கலக்க வேண்டாம்.

எதையெல்லாம் படம் எடுக்கணும்?

முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றும் அவசியம். ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள இடத்தை மட்டும் தனியாக நெருக்கத்தில் எடுங்கள். இன்றைய இந்திய நாணயங்களில் அங்கே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு நாணயமாக இருந்தாலும் இந்தச் சின்னக் குறியால் மதிப்பு மாறலாம்.

பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படமும், எடை இயந்திரத்தில் வைத்து ஒரு படமும் எடுங்கள். பிரிட்டிஷ் கால வெள்ளி ஒரு ரூபாயின் எடை சுமார் 11.66 கிராம். இதிலிருந்து எடை ரொம்ப விலகினாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ சந்தேகப்பட வேண்டும்.

படங்களின் ஒரு பிரதியை பென் டிரைவில் வையுங்கள். நாணயம் திருடுபோனால் போலீசில் அடையாளம் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

படத்தைப் பார்த்து பணம் கேட்டால்?

படத்தை ஆன்லைனில் போட்டதும் ‘லட்சக்கணக்கில் வாங்கிக்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க’ என்று அழைப்பு வந்தால் உஷார். பழைய நாணயம், நோட்டு விற்பனைக்குத் தங்கள் பெயரில் கட்டணம், கமிஷன், வரி கேட்கும் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. இப்படிப்பட்ட விற்பனையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

முதல் முயற்சிக்கு அரிய நாணயம் வேண்டாம். பாக்கெட்டில் இருக்கும் 10 ரூபாய் நாணயத்தை வைத்துப் பழகுங்க. அதில் ஆண்டும் குறியும் தெளிவாக வந்த பிறகு தாத்தாவின் வெள்ளி ரூபாயை எடுக்கலாம்.