பலர் கூடி ஆடும் களத்தில் ஒரு பெருங்கதை

காப்பிய இலக்கணம் பயின்றவர்க்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும். ஒப்பற்ற தலைவன் ஒருவனைச் சுற்றியே பெருங்கதை எழுப்பப்படுகிறது. ஆயின் ஒரே களத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் உலவ, அவர்களுள் ஒவ்வொருவரும் 'அத்தலைவன் நானே' என்றெண்ணிக் கதையைத் தொடர விரும்பினால் என் செய்வது? இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் படைத்தோர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவோடு மல்லாடி வந்துள்ளனர். 'விளையாட்டுதானே' என்று இலக்கிய அன்பர்கள் ஒதுக்கிவிட்ட இவ்வரலாறு, கதைசொல்லலின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே சேர வேண்டியது என்பது நம் கருத்து.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் ஆட்டத்தில் இவ்வினாவே எழவில்லை. ஏனெனில் அங்குக் கதையே இல்லை. முழுவதும் எழுத்தாலான உலகம் அது. புதையலைத் தேடியெடுத்துச் சதுப்பில் இட்டால் மதிப்பெண். மதிப்பெண் பெருகினால் மந்திரவாதிப் பட்டம். அவ்வளவே.

கதையை உள்ளே கொணர முயன்றவர்கள்தாம் இடர்ப்பட்டார்கள். 'அல்டிமா ஆன்லைன்' 1997இல் வெளிவருமுன் நடந்த சோதனை ஆட்டத்தில், அதனைப் படைத்த ரிச்சர்ட் கேரியட் தாமே 'லார்டு பிரிட்டிஷ்' என்னும் அரசனாக வேடமிட்டுக் குடிகள்முன் தோன்றினார். அரசனுக்கு அளிக்கப்பட வேண்டிய சாவா வரம் அன்று விட்டுப்போயிற்று. கூட்டத்திலிருந்த ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவ, அரசன் மாண்டான். கதையாசிரியனையே கதைக்குள் கொன்றுவிட்ட நிகழ்ச்சி இது. 1999இல் வந்த 'ஆஷெரான்ஸ் கால்' மாதந்தோறும் கதையை வளர்த்தது. கொடியவன் ஒருவனைச் சிறைவைத்திருந்த படிகத்தை ஆட்டக்காரர்கள் உடைத்தாக வேண்டும் என்பது ஆசிரியர்கள் வகுத்த திட்டம். ஒரு சர்வரில் மட்டும் சிலர் சேர்ந்து, உடைக்கவிடோம் என்று இரவுபகலாகப் படிகத்தைக் காவல் காத்தனர். இறுதியில் நிறுவனத்தாரே பாத்திரங்களாக இறங்கித்தான் கதையை மேலே நகர்த்த முடிந்தது. அக்காவலர்கள் பக்கமே நம் மனம் சாய்கிறது. எனினும் அன்று கதை பிழைக்க வேறு வழியில்லை.

2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இச்சிக்கலைப் பெரிதாகப் பாராட்டவில்லை. சென்ற வாரம் வீழ்ந்த பகைவன் இவ்வாரம் மீண்டும் எழுந்து நிற்பான். ஆட்டக்காரரும் அதனைப் பொறுத்துக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் சற்று நின்று நோக்க வேண்டியது ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பதினான்காம் 'ஃபைனல் ஃபேன்டஸி'. 2010 செப்டம்பரில் வெளிவந்த அது படுதோல்வி கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா, பழைய ஆட்டத்தை நடத்திக்கொண்டே புதியதொன்றைக் கட்டுவதென முடிவுசெய்தார். பழையதை ஓசையின்றி மூடியிருக்கலாம். அவரோ அம்மூடலையே கதையாக்கினார். 2012இல் ஆட்டத்தின் வானத்தில் 'டாலமட்' என்னும் செந்நிறச் சிறுநிலவு மெல்ல மெல்லப் பெருத்து நெருங்கி வந்தது. நவம்பர் 11ஆம் நாள் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் காட்டப்பட்ட படத்தில் நிலவு பிளந்து, உள்ளிருந்து 'பஹாமுட்' என்னும் பறவைநாகம் வெளிப்பட்டு நாட்டை எரித்தது. முதியவர் ஒருவர் தம்மை ஈந்து வீரர்களைக் காலம் கடத்தி அனுப்பிவைத்தார்.

2013 ஆகஸ்டில் புதிய ஆட்டம் திறந்தபோது கதையுலகில் ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. முந்தைய வீரர்களை ஊரார் நினைவுகூர்வர்; ஆயின் முகத்தை எண்ணிப்பார்த்தால் கண்கூசும் ஒளி மட்டுமே தோன்றும், பெயர் நாவில் வாராது. தோற்றுப்போன ஒரு வணிகச் சரக்கை ஆடியிருந்த மனிதர்களுக்கு இதைவிடக் கண்ணியமான நன்றியை எவரும் செய்திருக்க முடியாது.

புதிய ஆட்டம் நம் முதல் வினாவுக்குத் தந்த விடை எளியது. ஒவ்வொருவருக்கும் அதே கதை, அவரவர்க்கான படியாக நிகழும். முறைப்படி அதனை முடித்தாலன்றி அடுத்த நிலத்துக்கு வழி திறவாது. குறுக்குவழி இல்லாத இவ்வேற்பாடு பலரை அயரச் செய்தது. தொடக்கப் பகுதியில் தலைமையகத்துக்குத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். நேரே சென்றிறங்கும் வசதி அவ்வூருக்கு இல்லை. சலிப்பூட்டும் ஏவல்கள் வேறு. 2017இல், கதையைத் தாண்டிச் செல்லும் சீட்டைப் பணத்துக்கு விற்கவும் தொடங்கினர். 2020 ஆகஸ்டில் அத்தொடக்கப் பகுதியைக் கத்தரித்துச் சுருக்கினர்.

பெரும் இக்கட்டு நேர்ந்தது முதற்பாகத்தின் முடிவில். பகைப்படைத் தலைவன் கையஸை எதிர்கொள்ளும் கோட்டைப் போர் எண்மர் கூடி ஆடுவது. அவர்களுள் ஒருவர் பல வாரங்கள் கதையைத் தொடர்ந்து முதன்முறை அங்கு வந்திருப்பார். ஏனையோர் நாள்தோறும் பரிசுக்காக அப்போரை முடித்துச் செல்லும் பழந்தின்னிகள். புதியவர் உரையாடல் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழையவர்கள் அவற்றைத் தாண்டி ஓடிவிடுவர். காட்சி முடிந்து வெளிவந்தால், தாம் வெல்ல வேண்டிய பகைவன் ஏற்கெனவே பிணமாகக் கிடப்பான். கதையைப் படித்தால் போரில்லை. போருக்கு ஓடினால் கதையில்லை. இணைய ஆட்டத்தின் மையச் சிக்கல் முழுவதும் இவ்வொரு கோட்டைக்குள் அடங்கிவிட்டது எனலாம்.

2018 ஜனவரியில் எடுக்கப்பட்ட முடிவு வியப்புக்குரியது. அக்காட்சிகளை எவரும் தாண்ட இயலாதபடி செய்தனர். நூறு முறை கேட்ட வீராவேசப் பேச்சை நூற்றோராம் முறையும் எண்மரும் இருந்து கேட்க வேண்டும். பரிசைக் கூட்டித் தந்து சமாதானம் செய்தனர். பழையவர்கள் எழுந்து தேநீர் போடச் சென்றனர் என்பது வேறு செய்தி. ஆயினும் ஒரு புதிய வாசகனுக்காக ஏழு பேரைக் காத்திருக்கச் செய்த அம்முடிவை நாம் மதிக்கிறோம். 2022 ஏப்ரலில் அப்போர் நால்வர்க்குரியதாக மாற்றப்பட்டது. கணினி இயக்கும் துணைவர்களோடு தனியே ஆடவும் வழி பிறந்தது. புதியவர்க்கு நிம்மதி. ஆனால், பார்த்தவரும் பாராதவரும் ஒரே திரைமுன் அமர்ந்திருந்த அந்த விந்தை அவை கலைந்ததென்பதும் உண்மை.

இத்தனை கட்டாயமும் எதற்கு என்பதற்கு 2019இல் வந்த 'ஷேடோபிரிங்கர்ஸ்' விடை. நட்சுகோ இஷிகாவா முதன்மையாக எழுதிய அப்பாகத்தில் வரும் எமெட்-செல்க் என்னும் பகைவன், அழிந்துபோன தன் மக்களை மறவாதவன். தலைவனோடு உடன் நடந்து, அவன் தகுதியை எடைபோடுபவன். முந்தைய பாகங்களில் வெறும் சூழ்ச்சிக்காரராகத் தோன்றிய கறுப்புடையாளர்களின் நோக்கம் இவன் வாயிலாகவே துலங்குகிறது. அப்பாகங்களைப் பணம் கொடுத்துத் தாண்டியவர்க்கு இவன் இன்னுமொரு வில்லன்; நடந்து வந்தவர்க்கு அவ்வாறில்லை.

2021 டிசம்பரில் 'எண்ட்வாக்கர்' அப்பெருங்கதையை முடித்துவைத்தபோது, முடிவைக் காண வந்த கூட்டத்தைச் சர்வர்கள் தாங்கவில்லை. மணிக்கணக்கில் வரிசை, ஆட்டத்தின் விற்பனையையே நிறுவனம் நிறுத்திவைத்து, 2022 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஒரு கதையின் இறுதி அத்தியாயத்துக்காக வாசலில் நின்ற கூட்டம் அது.

2024 ஜூலையில் வந்த 'டான்டிரெயில்' புதுக்கதை தொடங்கியது. அதில் அரியணைக்குப் போட்டியிடுபவள் வூக் லாமட் என்னும் இளவரசி. உலகைக் காத்த நம் தலைவன் அவளுக்குத் துணையாக உடன் செல்பவன். தாம் பக்கத்தில் நிற்க நேர்ந்ததைப் பலர் பொறுக்கவில்லை; கடுமையாகக் குறைகூறினர். அக்குறையில் பாதிக்கு எழுத்தின் தொய்வு காரணம். மறுபாதி, பதினோராண்டுகள் தலைவனாகவே இருந்து பழகியவரின் கோபம்.