எச்சரிக்கைப் பலகையின் மொழி

1956ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. நவம்பர் முதல் நாள் மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும், சித்தூர் வட்டத்துக் கிழக்குக் கிராமங்களும் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டில் இந்திய மின்சார விதிகள் வகுக்கப்பட்டன. முன்னதைப் பற்றி நாம் பேசித் தீர்ந்ததில்லை. பின்னதைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. எனினும், எல்லைப்புறக் கட்டிடங்களில் மின்தொழில் பழகும் தமிழ்ப் பையனை இரண்டும் ஒருங்கே பாதித்தன.

அவ்விதிகளுள் 35ஆவது, மின் அமைப்புகளில் அபாய அறிவிப்பு வைக்கவேண்டும் என்றது. இந்தி அல்லது ஆங்கிலம், அதனுடன் ஜில்லாவின் மொழி, மண்டையோட்டுச் சின்னம். மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் மின்னதிர்ச்சியுற்றவருக்குச் செய்யவேண்டிய சிகிச்சையை எழுதி மாட்டச் சொன்னது 44ஆவது விதி. அங்கும் ஜில்லாவின் மொழியே. பாலக்காட்டிலும், 1972இல் பிறந்த இடுக்கி ஜில்லாவிலும் அம்மொழி மலையாளம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு விசித்திரம் தென்படுகிறது. 'அபாயம்' என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. காதால் கேட்டால் பையன் விலகி நிற்பான். எழுத்து வேறானதால் கண்ணால் கண்டும் அறியான். மண்டையோட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆனால், கம்பியைப் பற்றிக்கொண்டு துடிப்பவனை வெறுங்கையால் தொடலாகாது, முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும், மூச்சு நின்றிருந்தால் உடனே செயற்கைச் சுவாசம் அளிக்கவேண்டும் என்பனவற்றை மண்டையோடு சொல்லாதே!

1940இல் பள்ளிவாசலில் மின் உற்பத்தி தொடங்கியது. 1969இல் தொடங்கிய இடுக்கி அணைக்கட்டு வேலையின் பயனாக 1976இல் மூலமற்றம் நிலையம் இயங்கலாயிற்று. இத்தகைய பெருந்தலங்களாயினும் சிறு வீடாயினும், கட்டும் காலத்தில் மின்சாரம் வருவது தற்காலிகக் கம்பியில்தான். ஈரக் கான்கிரீட்டின்மேல் கிடக்கும் கிழிந்த உறை, 'எர்த்து' இல்லாத துளைக்கருவி, ஒருவன் நிறுத்திய சுவிட்சை அறியாமல் போடும் இன்னொருவன் — அபாயம் பெரும்பாலும் இவ்வழியே வருகிறது.

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம், தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் பழகுவோர்க்குத் தொழிலாளியின் பாதுகாப்பை அளித்தது. கட்டிடத் தொழிலாளர்க்கான தனிச் சட்டம் 1996இல்தான் வந்தது. அதன்கீழ் 1998இல் மத்திய அரசு வகுத்த விதிகள், மின் எச்சரிக்கைப் பலகை இந்தியிலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் புரியும் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும் என்றன. ஜில்லாவை நோக்கிய விதி வேலை செய்பவனை நோக்கித் திரும்ப 42 ஆண்டுகள் ஆயின. அப்போதும் 'பெரும்பாலோர்' என்றே சொல்லிற்று. வாளையாறும் குமுளியும் கடந்து செல்லும் நம்மவர் சிறுபான்மையாயுள்ள தலத்தில், சுவிட்சுப் பெட்டியில் எழுதியிருப்பதை முதல் நாளே மேஸ்திரி தமிழில் வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும்.