செடியைத் தராசில் நிறுத்த பாதிரியார்

ஒரு சூரியகாந்திச் செடி பகற்பொழுதில் எவ்வளவு நீரை ஆவியாக வெளிவிடுகின்றது? 1724 ஆம் ஆண்டுக் கோடையில் இக்கேள்விக்கு விடை தேடியவர், தேம்ஸ் நதிக்கரையில் இலண்டனுக்கு அண்மையிலிருந்த டெடிங்டன் என்னும் கிராமத்தின் தேவாலயக் குரு.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற அவர் 1677 இல் கென்ற் பகுதியிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கல்வி கற்று, 1709 இல் டெடிங்டனுக்கு வந்தார். 1761 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். இறைவன் படைப்பை எண்ணாலும் நிறையாலும் அளவாலும் வகுத்தவனாதலின், அதனை அறியவிழைவோனும் நிறுத்தும் அளந்துமே அறியவேண்டும் என்பது அவரது துணிபு.

மூன்றரை அடி உயரச் செடியொன்றைத் தொட்டியில் வளர்த்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதவாறு தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். பதினைந்து நாட்கள், காலையும் மாலையும் நிறுத்தார். பன்னிரண்டு மணிநேரப் பகலில் சராசரியாக 1 இறாத்தல் 4 அவுன்ஸ் நீர் வெளியேறியது. பனி பெய்த இரவுகளில் இழப்பே இல்லை.

இன்னொரு சோதனை தற்செயலாக வாய்த்தது. பருவந் தப்பி வெட்டப்பட்ட திராட்சைக் கொடியிலிருந்து சாறு வடிந்தது. கொடி பட்டுவிடுமோ என அஞ்சி, வெட்டுவாயில் விலங்கின் சவ்வுப்பையொன்றைக் கட்டினார். பை விம்மிப் புடைத்தது! வேரின் அழுத்தத்தைப் பாதரசக் குழாய்கொண்டு அளக்க முற்பட்டது அதன் பின்னரே. விலங்குகளின் குருதிபோலத் தாவரச் சாறும் சுற்றியோடுகின்றது என்று அக்காலத்தில் நிலவிய கருத்தை மறுத்தார். இலைகள் காற்றிலிருந்தும் உணவின் ஒரு பகுதியைப் பெறக்கூடும் என ஊகித்தார். இவை யாவும் 1727 இல் நூலாயின.

அதே கைகள் உயிருள்ள பெண்குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் நாடியிற் கண்ணாடிக் குழாயைச் செருகின. குருதி எட்டடிக்கு மேல் உயர்ந்தது. குருதியழுத்தம் முதன்முறையாக அளக்கப்பட்டது இவ்வாறுதான். அயலிலே வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அவரை மதித்தவர். எனினும் இச்சோதனைகளைக் கண்டு மனம் நொந்தார். எனக்கும் அப்பக்கங்களை எளிதிற் கடக்க இயலவில்லை.

பிற்காலத்தில் ஹேல்ஸ், அடைபட்ட இடங்களின் கெட்ட காற்றை வெளியேற்றும் துருத்திப் பொறிகளை உருவாக்கினார். அவை நியூகேற் சிறையிலும் கடற்படைக் கப்பல்களிலும் பொருத்தப்பட்டன. அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களிலும் பொருத்தப்பட்டன. அங்கே மூச்சுத்திணறி இறந்திருக்கக்கூடிய பலர் பிழைத்தனர்; பிழைத்தோர் அட்லாண்டிக்கின் மறுகரையில் விற்கப்பட்டனர்.