கேட்டுப் பெற்ற ஒளியும் கேளாமல் பாய்ந்த ஒளியும்

நகரத்து ஏழைகளின் முகங்கள் வரலாற்று ஆவணமான கதை ஒளியின் கதையும் ஆகும்.

1877-இல் ஜான் தாம்சனும் அடால்ஃப் ஸ்மித்தும் இலண்டன் தெருமக்களைப் பற்றிய நூலை மாத வெளியீடாகத் தொடங்கினர். தாம்சனிடம் இருந்தது பகலொளி மட்டுமே. அந்நாளையத் தகடுகள் மெதுவாகவே ஒளியை ஏற்றன. ஆகவே எதிரில் இருப்பவர் அசையாது ஒத்துழைத்தால்தான் படம் தெளிவாக விழும். தோழியின் குழந்தையை ஏந்திப் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் வறிய கைம்பெண்ணின் படம் அவ்வாறு உருவானதே. குழந்தையைக் காப்பதற்கு அவள் பெற்ற கூலி தேநீரும் ரொட்டியும் என்று உடனமைந்த கட்டுரை பதிவுசெய்கிறது.

1887-இல் ஜெர்மனியில் மக்னீசிய ஃப்ளாஷ் தூள் உருவாயிற்று. நியூயார்க் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் அதனை இருண்ட குடியிருப்புகளுக்குக் கொண்டுசென்றார். தொடக்கத்தில் அது கைத்துப்பாக்கியிலிருந்து வெடித்தது. மக்கள் அஞ்சியதால் பின்னர் வாணலியில் கொளுத்தப்பட்டது. இனி எதிரில் இருப்பவரின் ஒப்புதல் தொழில்நுட்பத் தேவையன்று. துயில் கலைந்து திகைத்த கண்களே சான்றாயின. 1890-இல் வெளிவந்த ரீஸின் நூல் சீர்திருத்த இயக்கத்துக்கு வலுவூட்டியது. இழிநிலையில் இருந்த மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு 1897-இல் பூங்காவாயிற்று.

எனினும், பகலொளியைக் கண்ணியமாகவும் ஃப்ளாஷை வன்முறையாகவும் பிரிப்பது பிழை. உறங்கும் தெருச்சிறுவர்களைக் காட்டும் ரீஸின் பகற்படங்கள், அவர்களை உறங்குவதுபோல் நடிக்கவைத்து எடுக்கப்பட்டவை என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தாம்சனின் படங்களும் ஒழுங்குசெய்யப்பட்ட காட்சிகளே. ஆதலின் இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர், அம்முகம் எவ்வளவு நேரம், எவர் விருப்பால் கருவியின் முன் நின்றது என்பதையும் வினவ வேண்டும்.