பந்தலுக்கேற்ற கொடி



எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை நீங்கள் சுவைத்திருப்பீர்கள். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அக்கொடியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். இன்று அது எங்கள் பந்தலில் படர்ந்து, எங்கள் ஊர்ப் பயிராகவே விளங்குகிறது. கணிப்பொறி மென்பொருளும் இவ்வாறு இடம்பெயர்வதுண்டு. ஆயின், எல்லா மென்பொருளும் புதிய பந்தலில் எளிதாகப் படர்ந்துவிடுவதில்லை.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு வந்தவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பாஸ் லினக்ஸில் ‘சேமி’ என்னும் பொத்தான் வலக்கோடியில் இருக்கும். அப்பழக்கத்தில் ஒரு மாணவி, விண்டோஸிலிருந்து வந்த மென்பொருள் ஒன்றில் வலக்கோடிப் பொத்தானை அழுத்தினாள். அங்கே ‘சேமிக்க வேண்டா’ என்பது இருந்தது. இரண்டு மணி நேரம் எழுதிய கட்டுரை மறைந்தது. “எனக்குக் கணிப்பொறி வராது, ஐயா” என்று அவள் கண் கலங்கினாள்.

பிழை அவளுடையதா? வரலாறு விடை கூறும்.

1993-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வேர்டு 6 என்னும் மென்பொருளை விண்டோஸுக்கு வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதனை மெக்கின்டாஷுக்கும் கொணர்ந்தது. இரண்டிற்கும் மூல நிரல் பெரும்பாலும் ஒன்றே. அதனால் மெக்கின்டாஷிலும் அது விண்டோஸ் போலவே தோன்றியது, விரைவும் குன்றியது. பயனாளர் பலர் அதனை வெறுத்துப் பழைய வேர்டு 5.1-ஐயே கைக்கொண்டனர். நிறுவனம் பாடம் கற்றது. 1998-இல் வந்த வேர்டு 98 மெக்கின்டாஷ் முறையைத் தழுவியே அமைந்தது.

ஓப்பன் ஆபீஸ் கதையும் இத்தகையதே. தொடக்கத்தில் அது மெக்கின்டாஷில் எக்ஸ்11 என்னும் வேற்றுச் சாளர அமைப்பின் துணையின்றி இயங்காது. 2008-இல் வந்த 3.0 பதிப்பே அத்துணையை விடுத்து, அங்குள்ள முறைப்படி இயங்கலாயிற்று.

இதற்குரிய வழி யாது? மென்பொருள் தன் பொத்தான்களைத் தானே வரைதல் கூடாது. “இங்கே ஒரு பொத்தான் வேண்டும்” என்று இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். இவ்வாறு கேட்பதற்கென்றே நடுவில் ஓர் அடுக்கை அமைப்பர். ஆயினும் தோற்றம் மட்டும் போதாது. பொத்தான்களின் வரிசை, குறுக்கு விசைகள், பட்டியல் அமையும் இடம் ஆகியனவும் அவ்விடத்து வழக்கத்தோடு ஒத்தல் வேண்டும். கை பழகிய வழக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தவறும்போதுதான் தெரிகிறது.

அம்மாணவியிடம் நான் கூறியது இதுவே: “அம்மா, உன் கை சரியாகவே கற்றது. வந்த மென்பொருள்தான் இவ்விடத்து வழக்கத்தைக் கற்கவில்லை.” அவள் மறுபடியும் எழுதினாள்.

உங்களுள் சிலர் நாளை மென்பொருள் ஆக்குவீர்கள். அப்போது பயன்படுத்துவோரின் பழக்கத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பந்தலை அறிந்து கொடியைப் படரவிடுவதே நல்ல உழவு.